அவசரகாலப் பிரிவு இல்லாத யாப்பு

அவர் கோழி பங்கிடுவதை ஒருமுறை பார்த்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் அகதி விடுதிக்கு வெள்ளிக்கிழமைகளில் உணவுப் பொதி வரும். இரண்டு பேருக்கு ஓர் உறைந்த கோழி. அவருடைய பங்காளி நான். கோழியை நான் வெட்டினால் எந்தப் பாதி என்று தெரிவு செய்வது அவர். அவர் வெட்டினால் நான். வெட்டுகிறவர் தெரிவு செய்யக்கூடாது என்பது முதல் வாரமே அவர் வைத்த ஒழுங்கு. ஒருநாள் எனக்கு அவசரம். "அண்ணை, நீங்களே வெட்டி நீங்களே எடுங்கோ. நான் உங்களை நம்புறன்" என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீர் என்னை நம்புறது உம்மட விருப்பம், தம்பி. நான் என்னை நம்பேல்லை. பாதியை நானே எடுக்கலாம் எண்டு தெரிஞ்சால் கத்தி கொஞ்சம் சரிஞ்சுதான் இறங்கும்."

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எண்பத்தெட்டில் அவரை வேறொரு மாநிலத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு தொடர்பு இல்லை. அனுமதி கேட்க வழியில்லாத ஒருவருடைய பெயரை எழுதுவதை அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். விடுதியில் எல்லோரும் அவரை 'யாப்பண்ணை' என்றுதான் சொன்னோம். அரசியல் யாப்பு எனும் அரசியலமைப்பைப் பற்றிப் பேசாமல் அவர் ஒரு நாளைக் கழித்ததாக என் நாட்குறிப்பில் இல்லை. அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது, எனக்கு முப்பத்திரண்டு. இப்போது நான் அவருடைய அந்த வயதைத் தொட்டிருக்கிறேன்.

விடுதி ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் இருந்து ஏழு கிலோமீற்றரில், கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். கீழ்மாடியில் அவரும் நானும் உட்படப் பதினான்கு பேர், மேல்மாடியில் பதின்மூன்று பேர். எல்லோரும் தமிழர். மாடிக்கு ஒரு குசினி. ஒரேயொரு தொலைபேசி, அதுவும் படிக்கட்டின் கீழே. அவர் ஊரில் ஒரு பட்டினசபையில் இருபத்திரண்டு வருடம் லிகிதராக இருந்தவர். கூட்டங்களுக்கு அறிக்கை எழுதியவர். எந்தத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் எப்படி மாறினார் என்று வரிசையாகச் சொல்வார். கெட்டவர்களைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நல்லவர்கள் மாறிய கதைகள்தான் அவரிடம் இருந்தன. "நல்ல மனுசனைத் தேடித் தேடி எங்கட சனம் களைச்சுப் போச்சு. நல்ல பூட்டாப் பாத்து ரெண்டு வாங்கியிருந்தால் காணும்" என்பார்.

செவ்வாயும் வியாழனும் நகர நூலகத்துக்கு நடந்து போவார். எங்கள் தற்காலிகப் பத்திரத்துக்குப் புத்தகம் இரவல் கொடுக்க மாட்டார்கள். ஆகவே அங்கேயே உட்கார்ந்து கையால் பார்த்து எழுதுவார். அவர் எழுதியது இருநூறு வருடங்களுக்கு முந்திய ஓர் அமெரிக்க அரசியல் கட்டுரை. ஆங்கிலத்தில் பார்த்து எழுதி முடிக்க ஆறு கிழமை, ஒன்றரை மாதம், எடுத்தது. பிறகு விடுதியில் அதைத் தமிழாக்கினார். நான் வெங்காயம் வெட்டும்போது பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவார். புதிதாகச் சுதந்திரம் பெற்ற பதின்மூன்று சிறு அரசுகள். ஒன்றை ஒன்று நம்பாதவை. பிரிந்து நின்றால் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிப்பீர்கள், ஆகவே ஒன்றாகச் சேருங்கள் என்கிறது கட்டுரை. சேர்ந்த அதிகாரம் உங்களையே விழுங்காமல் இருக்க அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒன்றுக்கு ஒன்றைக் காவல் வையுங்கள் என்றும் சொல்கிறது.

"கூடின ஆக்கள் சேர்ந்து குறைஞ்ச ஆக்களை மிதிக்காமல் இருக்க என்ன செய்யலாம் எண்டு இருந்து யோசிச்சிருக்கிறாங்கள். எங்கட நாட்டு யாப்பை எழுதினவை இந்த ஒரு பக்கத்தை வாசிச்சிருந்தால் நானும் நீரும் இஞ்சை நிண்டு வெங்காயம் உரிக்கமாட்டம்."

"அவையள் அடிமை வைச்சிருந்த ஆக்கள் எல்லோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம். வைச்சிருந்தவை. நாங்களும் தேத்தண்ணிக் கடையிலை சாதிக்கு ஒரு பேணி வைச்சிருந்தனாங்கள்தானே. அதுக்காகத்தான் சொல்லுறன், எழுதின ஆளைக் கும்பிடாதேங்கோ. எழுதினதை வைச்சு அந்த ஆளையே பிடியுங்கோ."

இந்தக் கண்டிப்பு மற்றவர்களுக்கு மட்டும் என்றிருந்தால் எங்களுக்கு எரிச்சல் மட்டுமே வந்திருக்கும். தொலைபேசிக்கு அவர் ஓர் அட்டவணை எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்குப் பத்து நிமிடம், அந்த நேரத்தில் அவரவர் வீட்டார் கொழும்பில் இருந்து அழைப்பு எடுக்கலாம். ஒரு ஞாயிறு அவருடைய மனைவியின் அழைப்பு இன்னொருவருடைய நேரத்தில் வந்துவிட்டது. மூன்று மாதமாக அவருடைய குரலைக் கேட்காத மனைவி. அவர் வாங்கி, "இது என்ர நேரமில்லை. நாலு இருபதுக்கு எடும்" என்று சொல்லி வைத்துவிட்டார். நேரத்துக்கு உரியவர், "கதையுங்கோ அண்ணை, நான் நிக்கிறன்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். கேட்கவில்லை. நாலு இருபதுக்கு மணி அடிக்கவில்லை. அடுத்த அழைப்பு வர மூன்று கிழமை சென்றது. மூன்று கிழமையும் அவர் தன் நேரத்துக்குத் தொலைபேசியின் முன் நின்று பத்து நிமிடத்தை முடித்துவிட்டுப் போனார்.

எண்பத்தாறில் ஊரில் ஓர் ஆயுத இயக்கம் இன்னோர் இயக்கத்தைச் சுட்டுத் தள்ளிய செய்தி வந்தது. மேல்மாடியில் பெரும்பாலும் ஒன்றின் ஆதரவாளர்கள், கீழ்மாடியில் மற்றதன் ஆதரவாளர்கள். அதுவரை இரண்டு மாடிக்கும் தபாலை மேல்மாடிக்காரர் ஒருவர் வாங்கி வந்து கொடுப்பார். அந்தக் கிழமை கீழ்மாடிக்கு வந்த மூன்று கடிதங்கள் பிரித்து ஒட்டப்பட்டிருந்தன. சண்டை குசினியில் சூடான எண்ணெய்ச் சட்டியைத் தூக்கும் அளவுக்குப் போனது. ஒருவருக்கு முழங்கை எரிந்தது.

மறுநாள் அவர் ஒரு பாடசாலைக் கொப்பியோடு வந்து எல்லோரையும் கூட்டினார். அதில் அவர் எழுதிய யாப்பு, பதினான்கு பிரிவுகள். இரண்டு மாடியும் ஒன்றியமாகச் சேர வேண்டும், தபாலும் தொலைபேசியும் மட்டுமே ஒன்றியத்துக்கு, மற்றதெல்லாம் அந்தந்த மாடிக்கு. மேல்மாடியின் வாய்க்காரர் தவம். நகைச்சுவையான ஆள், இருபத்தெட்டு வயது. "அண்ணை, ஒன்றியம் ஒன்றியம் எண்டு கடைசியிலை எங்களை ஒற்றையாட்சிக்குள்ளை தள்ளப் பாக்கிறியளோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு மாடியும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

தபாலுக்கான ஒழுங்கு இதுதான். பள்ளிக்கூட விளையாட்டு அறையில் கிடந்த இரும்பு அலுமாரியின் கதவில் அவர் ஒரு வாய் வெட்டுவித்தார். விடுதிப் பராமரிப்பாளர், நாங்கள் ஹவுஸ்மைஸ்ரர் என்போம், காலையில் எல்லாத் தபாலையும் அதற்குள் போட்டுவிடுவார். எங்கள் நீளப் பெயர்களைப் பிரிக்கும் வேலை ஒழிந்ததில் அவருக்கும் மகிழ்ச்சி. கதவுக்கு இரண்டு ஆமைப்பூட்டு. ஒரு பூட்டின் திறப்பு, சாவிதான், மேல்மாடியில் தவத்திடம், மற்றது கீழ்மாடியில் என்னிடம். மாலை நான்கு மணிக்கு இருவரும் சேர்ந்து எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும். திறப்பை அவரே வைத்திருக்கும்படி கேட்டோம். "எழுதினவன் திறப்பு வைச்சிருக்கக்கூடாது" என்று மறுத்துவிட்டார்.

ஒன்பதாம் பிரிவு: திறப்புக்காரர் இல்லாமல் போனால் அவருடைய மாடி கூடி அதை அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகே பூட்டை அறுத்துப் புதியது போடலாம். மற்ற மாடி அதை அறிவிக்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் எழுந்து ஒரு திருத்தம் சொன்னவன் நான். அவசரத்தில், மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் கேட்டால், பூட்டை உடைக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்ப்போம் என்றேன். பலர் தலையாட்டினார்கள். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எங்கட நாட்டிலை அவசரகாலச் சட்டம் எத்தினை வருசமா நடக்குது எண்டு ஆருக்காவது தெரியுமோ?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்.

"ஒரு மாசத்துக்கு எண்டுதான் கொண்டுவாறவங்கள். பிறகு மாசா மாசம் கை உயர்த்துவாங்கள். அப்பிடிக் கை உயர்த்தின ஒரு மாசத்திலைதான் என்னைக் கொண்டுபோனவங்கள். பதினொரு மாசம். கேள்வியும் இல்லை, வழக்கும் இல்லை. கை உயர்த்தின எல்லாரும் நல்ல ஆக்கள்தான். எல்லாருக்கும் அவசரம் இருந்தது. நான் எழுதுற யாப்பிலை அந்தச் சொல் வராது. வேணுமெண்டால் வேறை ஆளை வைச்சு எழுதுவியுங்கோ."

நான் திருத்தத்தை மீளப் பெற்றேன். மனமில்லாமல் அல்ல. அவர் சொன்னது சரி என்று முழுதாக நம்பித்தான் பெற்றேன். இருபத்தேழு பேரும் கொப்பியில் கையெழுத்து வைத்தோம்.

ஐந்து மாதம் அலுமாரி ஒழுங்காக நடந்தது. ஒரு கடிதமும் பிரிக்கப்படவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நானும் தவமும் வழக்கம் போல நான்கு மணிக்குத் திறந்து பூட்டினோம். ஐந்து மணிக்குத் தவம் ஒரு சிறிய பையோடு படியிறங்கினான். ஹனோவரில் மச்சானைப் பார்த்துவிட்டு நாளைக்கு வாறன் என்றான்.

செவ்வாய் நான்கு மணிக்கு அவன் வரவில்லை. யாரோ ரோர்ச் வெளிச்சம் அடித்து அலுமாரியின் வாய்க்குள் பார்த்தார்கள். கடிதங்களுக்கு நடுவில் மஞ்சள் நிறம் தெரிந்தது.

மஞ்சள் உறை என்றால் அகதி மனுவைப் பார்க்கும் அலுவலகத்தின் தீர்ப்பு. வந்த திகதியைத் தபால்காரர் உறையின் மேல் எழுதுவார். உள்ளே இருப்பது அடிப்படையற்றது என்ற மறுப்பாக இருந்தால், அந்தத் திகதியில் இருந்து ஒரு கிழமைக்குள் நீதிமன்றத்தில் எதிர்மனுப் போட வேண்டும். போடாவிட்டால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். யாருடைய உறை என்று பெயர் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் ஹவுஸ்மைஸ்ரர் அன்று மத்தியானத்தோடு இரண்டு கிழமை விடுமுறையில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவருக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. அகதிகளுக்கான ஆலோசனை அலுவலகத்தில் கேட்டதற்கு, கடிதத்தைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

தீர்ப்பை எதிர்பார்த்திருந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நானும் ஒருவன். ஆனால் என் விசாரணை முடிந்து ஐந்து கிழமைதான். மற்றவர்கள் எட்டு மாதம், ஒரு வருடம் என்று காத்திருந்தார்கள். நான் திகதிகளை எழுதிக் கணக்கிட்டுப் பார்த்து, அது எனதாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். கணக்கு இன்றும் நாட்குறிப்பில் இருக்கிறது. பிழை தெரியாத கணக்கு.

புதனும் வியாழனும் மேல்மாடிக்காரர், "நாளைக்கு வாறான்" என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தே எங்களுக்கு விளங்கியது. தவம் ஹனோவருக்குப் போகவில்லை. ஆள் கடத்தும் ஒரு முகவரோடு கனடாவுக்குப் புறப்பட்டுவிட்டான். திறப்பு அவனுடைய காற்சட்டைப் பையில். அவன் போய்ச் சேரும் முன் இல்லை என்று அறிவித்தால் கதை வெளியே போய், எல்லையில் பிடித்துவிடுவார்கள் என்று மேல்மாடிக்குப் பயம். ஆகவே ஒன்பதாம் பிரிவு கேட்கும் கூட்டத்தை வைக்க அவர்கள் மறுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை கீழ்மாடியில் ஒருவர் விறகுக் கோடரியோடு வந்தார். அலுமாரியின் முன் ஒரு கதிரையைப் போட்டு யாப்பண்ணை உட்கார்ந்திருந்தார்.

"எழும்புங்கோ அண்ணை. ஒரு மனுசன்ர உயிர் உள்ளுக்கை கிடக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ இருக்கிறியள்?"

"மேல்மாடியைப் போய்க் கேளுங்கோ. அறிவிக்கட்டும். நான் இரும்பு அறுக்கிற வாள் பிடிச்சு அறுத்துத் தாறன்."

"அவங்கள் அறிவிக்கமாட்டாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"அப்ப அவங்களை மாத்துங்கோ. பூட்டிலை கை வையாதேங்கோ. இண்டைக்கு மஞ்சளுக்கு உடைச்சால் நாளைக்கு வெள்ளைக்கும் உடைப்பீங்கள். நாளையிண்டைக்கு ஆற்றை கடிதம் ஆர் வாசிக்கிறதெண்டு திரும்பவும் எண்ணெய்ச் சட்டி தூக்குவீங்கள். என்னை இழுத்துப்போட்டுட்டு உடைக்கிறதெண்டால் உடையுங்கோ."

அவரை இழுத்துப்போட யாருக்கும் கை வரவில்லை. அந்தக் கட்டடத்தில் அவரிடம் ஒரு விண்ணப்பம் எழுதுவிக்காதவர் ஒருவரும் இல்லை. வாக்கெடுப்பு வைத்தார்கள். உடைக்கக்கூடாது என்று கை உயர்த்திய கீழ்மாடிக்காரர்கள் மூன்று பேர். அதில் நான் ஒருவன். திறப்புக்காரன் நானே மறுத்ததால் கோடரிக்காரர் திரும்பிப் போனார். அன்று நான் எழுதிய வரி: "அவர் சொன்னதே நியாயம். ஒருவருடைய அவசரத்துக்காக எல்லோருடைய பூட்டையும் உடைக்க முடியாது."

அவர் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கு நாளும் அந்தக் கதிரையில் இருந்தார். நான்தான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் கோப்பையை வாங்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சாதாரணமாக அப்படிப் பார்க்கும் ஆள் இல்லை. களைப்பு என்று நினைத்தேன்.

புதன் காலை தவம் கனடா போய்ச் சேர்ந்து ரொறொன்ரோவில் இருந்து அழைப்பு எடுத்தான். ஒன்பதரை மணிக்கு மேல்மாடி கூடியது, தவம் இல்லை என்று அறிவித்தது, புதிய ஆளைத் தெரிவு செய்தது. சொன்னபடி அவரே வாள் பிடித்துப் பூட்டை அறுத்தார். பத்து இருபதுக்கு அலுமாரி திறந்தது.

மஞ்சள் உறையில் என் பெயர் இருந்தது. முந்திய செவ்வாய்க்கிழமைத் திகதி. ஒரு கிழமை நேற்றோடு முடிந்திருந்தது.

யாரோ என்னைக் கதிரையில் இருத்தினார்கள். அவருடைய கதிரை அது. இன்னும் சூடாக இருந்தது.

ஆலோசனை அலுவலகம் எனக்கு ஓர் இளம் சட்டத்தரணியைப் பிடித்துத் தந்தது. ஒரே வழிதான் இருந்தது. தவணை தவறியது என் பிழையால் அல்ல என்று நிரூபித்தால் நீதிமன்றம் தவணையைத் திருப்பிக் கொடுக்கலாம். எதிர்த்தரப்பு சொன்னது எளிமையானது: கடிதம் இவர் வாழும் வீட்டுக்குள் இருந்தது, இரண்டு திறப்பில் ஒன்று இவரிடமே இருந்தது, முயன்றிருந்தால் எடுத்திருக்கலாம். சாட்சி தேவைப்பட்டது. யாப்பண்ணை கேட்காமலே வந்தார். நான் அவருக்கு நன்றி சொன்னதாகக் குறித்திருக்கிறேன்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க வந்தவர் பான் நகரில் படிக்கும் இந்தியத் தமிழ் மாணவி. நீதிபதி வயதானவர், மெதுவாகக் கேட்பவர். ஒன்றியம், இரண்டு பூட்டு, ஒன்பதாம் பிரிவு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பின் கேட்டார்: உள்ளே இருந்த உறை யாருடையது என்று அந்த வாரம் யாருக்காவது தெரிந்திருந்ததா?

"ஓம். எனக்குத் தெரியும்" என்றார் யாப்பண்ணை.

மாணவி நிறுத்தினாள். "சார், திறந்ததுக்கு அப்புறம் தெரிஞ்சதா? இல்ல அதுக்கு முன்னாடியேவா?"

"முதலே. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. நான் வாசல் கூட்டிக்கொண்டு நிக்கேக்கை ஹவுஸ்மைஸ்ரர் சொன்னவர், உங்கட கோழிப் பங்காளிக்கு ஒரு மஞ்சள் எண்டு. சொல்லிப்போட்டு அலுமாரிக்குள்ளை போட்டவர்."

நான் எழுந்துவிட்டேன். சட்டத்தரணி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். எட்டு நாள். அதில் நான்கு நாள் அவருக்கு நான் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் இவரிடம் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார்.

"இவரிட்டைத்தான் மற்றத் திறப்பு. தன்ர கடிதம் எண்டு தெரிஞ்சால் இவர் திறப்புக்காரர் இல்லை, கடிதக்காரர். வெள்ளிக்கிழமை இவர் கை உயர்த்தியிருக்கமாட்டார், கோடரியை வாங்கி இவரே கொத்தியிருப்பார். தெரியாமல் இருக்கேக்கை இவருக்கு அந்த விதி நியாயமாப் பட்டது. நான் அதைக் காப்பாத்தினன்."

மாணவி ஜெர்மன் மொழியில் சொல்லி முடிக்கும்வரை நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. அந்த மஞ்சள் வேறொருவனுடையது என்று நினைத்தபோது எட்டு நாளும் நிம்மதியாகத் தூங்கியவன் நான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இன்றைக்கு அதே அலுமாரி, அதே உறை, இவருடைய கடைசி நாள் என்றால் என்ன செய்வீர்கள்?

"இண்டைக்கும் உடைக்க விடமாட்டன்."

மாணவி அவர் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சார், இதை அப்படியே ட்ரான்ஸ்லேட் பண்ணட்டுமா? இவரோட லைஃப் சார் இது. ஒரு நிமிஷம் யோசிச்சு சொல்லுங்களேன்."

"அப்பிடியே சொல்லுங்கோ, தங்கச்சி. ஒரு சொல்லும் குறைக்காதேங்கோ."

அவள் சொன்னாள். நீதிபதி எழுந்து போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து வாசித்தார். இத்தகைய ஒருவர் அந்த அலுமாரியின் முன் அமர்ந்திருந்த நிலையில் மனுதாரர் தன் கடிதத்தைப் பெற எந்த வழியும் இருந்திருக்காது என்று நீதிமன்றம் நம்புகிறது. தவணை திருப்பிக் கொடுக்கப்படுகிறது. சட்டத்தரணி என் தோளைத் தட்டினாள். நான் இந்த நாட்டில் தங்கியது அந்த ஒரு பந்தியால்தான்.

திரும்பும் ரயிலில் நானும் அவரும் எதிரெதிரே இருந்தோம். இரண்டாவது நிலையம் கடந்ததும் கேட்டேன்.

"அண்ணை, அப்பிடிச் சொன்னால் நீதவான் என்ர பக்கம் வருவார் எண்டு தெரிஞ்சோ சொன்னனீங்கள்?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

"கேட்டவர். சொன்னன்."

"அவர் மறுவளமா எடுத்திருந்தால்?"

"எடுத்திருக்கலாம்."

"என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்."

"ஓம், தம்பி. அனுப்பியிருப்பாங்கள்."

கடுமை இல்லாத குரல். வருத்தம் கேட்கும் குரலும் அல்ல. அவருடைய விரல்கள் மட்டும் மடியில் ஏதோ செய்துகொண்டிருந்தன. பயணச்சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை. நகத்தளவு துண்டுகள் அவருடைய காற்சட்டை முழுவதும் கிடந்தன.

பரிசோதகர் வந்தார். நான் என் சீட்டைக் காட்டினேன். யாப்பண்ணை தன் மடியைப் பார்த்தார். துண்டுகளைப் பொறுக்கி இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் காட்டினார். பரிசோதகர் இரண்டு துண்டுகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அச்சு எழுத்து எதுவும் முழுதாக இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, இவரிடம் சீட்டு இருந்ததா, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

நான் பார்த்திருந்தேன். காலையில் அவருடைய சீட்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அவர் என்னிடம் கண்ணால்கூட ஒன்றும் கேட்கவில்லை. கைகளை ஏந்தியபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிறிய நிலையத்தை ரயில் நிற்காமல் கடந்தது. அதன் பெயர்ப்பலகையை நான் முழுதாக வாசித்தேன். பரிசோதகர் கேள்வியை இரண்டாம் முறை கேட்டார்.

அப்போதுதான் "யா, பார்த்தேன்" என்றேன்.